திருப்பருத்திக்குன்றத்துத் தர்மதேவி ஓவியங்கள்

திருப்பருத்திக்குன்றத்துத் தர்மதேவி ஓவியங்கள் என்பன காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலின் மண்டபக் கூரையில் தீட்டப்பட்டுள்ள சமண ஓவியத் தொகுதியின் ஒரு பகுதியாகும். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் இயக்கியாகப் போற்றப்படும் தர்மதேவி, மானிடப் பெண்ணாக வாழ்ந்த வாழ்க்கையும், அவள் தெய்வ நிலை அடைந்த வரலாறும் இவ்வோவியங்களின் பொருளாகும். அம்பிகை, கூஷ்மாண்டினி, ஆம்ரா ஆகியவை தர்மதேவியின் வேறு பெயர்களாகும். தமிழ்ச் சமணரிடையே தர்மதேவி என்ற பெயரே பெருவழக்காக உள்ளது.

இத்தொகுதியில் ரிசபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினராகச் சமணம் கூறும் கண்ணனின் வரலாறும் தீட்டப்பட்டுள்ளன. அவை அரச குடும்பங்களின் கதைகளாகும். தர்மதேவியின் கதையோ ஒரு சாதாரண வீட்டின் அடுக்களையில் தொடங்குகிறது. பசித்து வந்த துறவிக்கு உணவளித்ததற்காகக் கணவனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணே இதன் தலைவி. தமிழகத்தின் இடைக்கால ஓவியங்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொடர் காட்சிகளாகக் கூறுபவை மிகச் சிலவே. எனவே கலை வரலாறு, சமய வரலாறு, பெண்களின் சமூக வரலாறு ஆகிய மூன்று துறைகளுக்கும் இவை முக்கியமானவை.

அமைவிடம்

திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம் நகருக்குத் தென்மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் துணையாறான வேகவதியின் கரையில் அமைந்துள்ளது. காஞ்சி மாநகரம் மரபாகச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி எனப் பகுத்து வழங்கப்படுகிறது. இவற்றுள் ஜினகாஞ்சி என்பது இவ்வூரையே குறிக்கும். வேலூரிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உள்ளது.

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாலாறு, அதன் பின்னரே காஞ்சிபுரப் பகுதியை அடைகிறது. இன்று தோல் பதனிடும் தொழிலாலும் காலணி உற்பத்தியாலும் அறியப்படும் இந்த ஆற்றங்கரைப் பகுதி, எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை சமணப் பள்ளிகள் செறிந்திருந்த பகுதியாகும். தர்மதேவி ஓவியங்களைப் புரிந்துகொள்ள அச்சூழலையும் அறிந்திருத்தல் நலம்.

பாலாற்றுப் பகுதியின் சமணச் சூழல்

ஆம்பூருக்கு அருகில் மலையம்பட்டு என்னும் ஊரையொட்டி அமைந்துள்ள அர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சமண ஓவியங்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. இயற்கையான குகையினுள் மண் சுவர்கள் எழுப்பி அதனை வழிபாட்டிடமாக மாற்றியுள்ளனர். எண்டிசைக் காவலர்களும் தாமரைக் குளமும் இங்குத் தீட்டப்பட்டிருந்தன. இவை புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசப்படுகின்றன. பாலாற்றுப் பகுதியில் சமண ஓவிய மரபு திருப்பருத்திக்குன்றத்து ஓவியங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு அர்மாமலை சான்றாகும்.

ஆற்காட்டுக்கு அருகில் உள்ள பஞ்சபாண்டவர் மலை, கல்வெட்டுகளில் திருப்பான்மலை எனப்படுகிறது. நந்திவர்ம பல்லவனின் ஐம்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று, இங்குப் பொன்னியக்கியார் என்னும் இயக்கியின் உருவம் செதுக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. நாகநந்தி என்னும் குரவரின் பெயரும் அதில் இடம்பெறுகிறது. இயக்கிக்குத் தனியே உருவம் எடுக்கும் வழக்கம் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இப்பகுதியில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இம்மலைக்கு அண்மையில் உள்ள விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. 945 ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணவியான பட்டினிக் குரத்தியடிகள் என்னும் பெண் துறவியைக் குறிப்பிடுகிறது. அவர் அமைத்த கிணறு பற்றியும், பெண் துறவியருக்கான இருப்பிடம் பற்றியும் அது பேசுகிறது. குரவர் என்பதன் பெண்பாற் சொல்லே குரத்தி என்பதாகும். சமணப் பெண் துறவியர் ஆசிரியர்களாக மதிக்கப்பட்டனர் என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. அரிட்டநேமி என்பது நேமிநாதரின் மற்றொரு பெயர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

காட்பாடி வட்டத்திலுள்ள வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்தில் சமணக் குகைப் பள்ளி ஏற்படுத்தப்பட்டது. வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள திருமலையில், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் உள்ளது. அங்குப் பாறையில் செதுக்கப்பட்டுள்ள நேமிநாதர் உருவம் சுமார் 16 மீட்டர் உயரமுடையது. அதே வளாகத்தில் தர்மதேவியின் சிற்பமும் ஓவியங்கள் தீட்டப்பட்ட அறைகளும் உள்ளன. நேமிநாதர் வழிபாடு சிறந்திருந்த இடத்தில் அவருடைய இயக்கியான தர்மதேவியின் வழிபாடும் சிறந்திருந்தது இயல்பே.

கோயிலின் வரலாறு

திருப்பருத்திக்குன்றத்தின் தொன்மைக்குச் சான்றாகப் பள்ளன்கோயில் செப்பேடுகள் விளங்குகின்றன. பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்தில், பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்கு நிலக்கொடை வழங்கப்பட்டதை இச்செப்பேடுகள் தெரிவிக்கின்றன. எனவே ஆறாம் நூற்றாண்டிலேயே இவ்வூர் சமண மையமாக இருந்துள்ளது.

இங்கு இரண்டு கோயில்கள் உள்ளன. சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலப் பணியாகும். பெரிய கோயிலான திரைலோக்கியநாதர் கோயில் வர்த்தமானருக்கு உரியது. சோழர் காலத்திலும் விசயநகரக் காலத்திலும் இது விரிவாக்கப்பட்டது. இக்கோயிலில் வர்த்தமானர், புட்பதந்தர் ஆகியோரின் கருவறைகளுடன் தர்மதேவிக்கும் தனிக் கருவறை உள்ளது. வழிபாட்டிற்குரிய தெய்வமாகக் கருவறையில் அமர்ந்திருப்பவளின் கதையே கூரையில் தீட்டப்பட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

கோயிலின் முன்னுள்ள சங்கீத மண்டபத்தை விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-88 ஆம் ஆண்டில் கட்டினார். அப்போது விசயநகரத்தை இரண்டாம் ஹரிஹரர் ஆண்டுவந்தார். சமணரான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் அறிவுரைப்படி இப்பணியைச் செய்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. ஹம்பியில் உள்ள கானிகித்தி சமணக் கோயிலும் இவர் எடுப்பித்ததேயாகும்.

இம்மண்டபத்தின் கூரையில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஓவியப் பகுதிகள் சிறிதளவே எஞ்சியுள்ளன. இன்று காணப்படும் ஓவியங்களில் பெரும்பகுதி பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னரும் தீட்டப்பட்டவை அல்லது பழைய ஓவியங்களின் மேல் புதுப்பிக்கப்பட்டவை ஆகும்.

தர்மதேவியின் கதை

தர்மதேவியின் கதை சமண நூல்களில் பல வடிவங்களில் கூறப்படுகிறது. திகம்பர மரபில் வழங்கும் வடிவம் பின்வருமாறு.

கிரிநகரம் என்னும் ஊரில் சோமசர்மன் என்னும் அந்தணன் வாழ்ந்து வந்தான். அவன் மனைவி அக்னிலை. அவர்களுக்குச் சுபங்கரன், பிரபங்கரன் என இரண்டு ஆண் மக்கள். ஒரு நாள் சோமசர்மன் தன் முன்னோர்க்குச் சிராத்தம் செய்ய ஏற்பாடு செய்து, அந்தணர்களை விருந்துக்கு அழைத்திருந்தான். உணவு ஆயத்தமாக இருந்தது. விருந்தினர் இன்னும் வந்து அமரவில்லை. அவ்வேளையில் வரதத்தர் என்னும் சமண முனிவர் அவ்வழியே வந்தார். அக்னிலை அவரை வணங்கி வரவேற்று உணவளித்தாள்.

முன்னோர்க்குப் படைப்பதற்கு முன்னரே உணவு பிறர்க்கு வழங்கப்பட்டதால் அது எச்சில் ஆயிற்று என்று அந்தணர்கள் உண்ண மறுத்துச் சென்றனர். வெகுண்ட சோமசர்மன் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றினான். அக்னிலை தன் இரு குழந்தைகளுடன், முனிவர் தங்கியிருந்த ஊர்ச்சயந்த மலைக்குச் சென்றாள். இம்மலை குசராத்து மாநிலத்தில் உள்ள கிர்னார் மலையாகும். நேமிநாதர் வீடுபேறு அடைந்த இடமாகச் சமணர் போற்றுவதும் இம்மலையையே.

அங்குக் குழந்தைகள் பசியாலும் நீர் வேட்கையாலும் அழுதன. அவளுடைய அறத்தின் பயனால் வறண்ட குளத்தில் நீர் நிறைந்தது. பருவமில்லாத காலத்தில் மாமரம் பழுத்துக் கனி தந்தது. இதே வேளையில் ஊரில் தீப்பற்றி வீடுகள் எரிய, அவளுடைய வீடு மட்டும் எரியாமல் நின்றது. தன் தவற்றை உணர்ந்த சோமசர்மன் அவளை அழைத்து வர மலைக்கு விரைந்தான். தொலைவில் அவன் வருவதைக் கண்ட அக்னிலை, தன்னைத் துன்புறுத்தவே வருகிறான் என அஞ்சி மலையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தாள். செய்த நல்வினையால் உடனே நேமிநாதரின் இயக்கியாகப் பிறந்தாள். பின்னர் இறந்த சோமசர்மன், சிங்க வடிவெடுத்து அவளைச் சுமக்கும் ஊர்தியானான்.

சுவேதாம்பர மரபில் ஊரின் பெயரும் மாந்தரின் பெயர்களும் சில நிகழ்வுகளும் மாறுபடுகின்றன. அங்கு அவள் பெயர் அம்பிகை. மக்கள் சித்தன், புத்தன் எனப்படுகின்றனர். அவள் கிணற்றில் வீழ்ந்ததாகக் கூறப்படுகிறது. துறவிக்கு உணவளித்தல், துரத்தப்படுதல், மாமரம், கணவன் சிங்கமாதல் ஆகிய அடிப்படைக் கூறுகள் இரு மரபுகளுக்கும் பொதுவானவை.

கதையின் சமயப் பின்னணி

திகம்பரத் துறவியர் பாத்திரம் ஏந்துவதில்லை. நாளுக்கு ஒரு முறை மட்டும், நின்றபடியே, தம் உள்ளங்கைகளில் இடப்படும் உணவை உண்பர். தமக்கென உணவு சமைக்குமாறு கேட்பதும் இல்லை. வரவேற்பார் இல்லையெனில் அன்று உண்ணாமலே திரும்புவர். எனவே முனிவர் வாயிலில் வந்தபோது அக்னிலையின் முன் இருந்த தெரிவுகள் இரண்டே. சடங்கு முடியும்வரை காத்திருந்தால் முனிவர் பட்டினியாகச் சென்றுவிடுவார். உடனே அளித்தால் சடங்கின் தூய்மை கெட்டதாகக் கணவனும் விருந்தினரும் கருதுவர். அவள் முதலாவதைத் தவிர்த்து இரண்டாவதைத் தெரிவு செய்தாள்.

தானம் இல்லறத்தாரின் தலையாய கடமைகளுள் ஒன்று என்பது சமணக் கொள்கை. தகுதியுடையோர்க்கு அளிக்கும் உணவு பெரும் நல்வினையாகும். மறுபுறம், உயிர் தன் வினைக்கேற்ப மறுபிறப்பை அடைகிறது என்று சமணம் கூறுவதால், இறந்தோர்க்குப் பிண்டமிடுவதால் அவர்கள் பயன்பெறுவர் என்னும் கருத்தை அது ஏற்பதில்லை. ஆகவே இக்கதை ஒரு குடும்பப் பூசலைக் கூறுவது போலத் தோன்றினும், உண்மையில் இரு சமய நெறிகளுக்கிடையே நிலவிய கருத்து வேறுபாட்டையே ஒரு வீட்டின் முற்றத்தில் வைத்துக் காட்டுகிறது.

அக்னிலை துறவி அல்லள், இல்லறப் பெண். பெண் பிறப்பிலிருந்து நேரே வீடுபேறு எய்த இயலாது என்பது திகம்பரக் கொள்கை. சுவேதாம்பரர் இதனை ஏற்பதில்லை. அத்தகைய கொள்கையுடைய மரபிலேயே ஓர் இல்லறப் பெண், தன் ஒரு செயலால், தீர்த்தங்கரரின் காவல் தெய்வமாக உயர்த்தப்பட்டாள். வீடுபேறு அடைந்த தீர்த்தங்கரர்கள் அடியாரின் வேண்டுதல்களுக்கு இரங்கி வரம் அளிப்பவர்கள் அல்லர். குழந்தைப் பேறு, நோய் நீக்கம் போன்ற உலகியல் வேண்டுதல்களுக்கு மக்கள் நாடியது இயக்கியரையே. தர்மதேவி வழிபாடு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

ஓவியங்களின் அமைப்பு

கோயில் மண்டபத்தின் கூரை கருங்கற் பலகைகளால் ஆனது. தூண்களுக்கு மேலுள்ள உத்தரங்கள் கூரையை நீண்ட பத்திகளாகப் பிரிக்கின்றன. ஓவியர் இப்பத்திகளை மேலும் பட்டைகளாக வகுத்து, ஒவ்வொரு பட்டையிலும் காட்சிகளை வரிசையாகத் தீட்டியுள்ளனர். ஒரே மாந்தர் ஒரே பட்டையில் மீண்டும் மீண்டும் தோன்றுவர். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குவதை ஒரு மரமோ, தூணோ, மாந்தர் முகம் திரும்பியிருக்கும் திசையோ உணர்த்தும். தொடர்ச்சியாகக் கதை கூறும் இம்முறையை இக்காலச் சித்திரக் கதைகளோடு ஒப்பிடலாம்.

காட்சிகளின் கீழ் விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அக்குறிப்பைப் படித்து மற்றவர்க்குக் கதையை விளக்க இவை உதவின. கோயிலுக்கு வருவோர் தலையை நிமிர்த்தியபடி மெல்ல நடந்து சென்றே கதையை முழுமையாகக் காண இயலும். அதாவது இவ்வோவியங்களைக் காண்பதற்குப் பார்வையாளரின் நடையும் தேவைப்படுகிறது.

மாந்தரின் முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்தில் தீட்டப்பட்டுள்ளன. அகன்ற கண், கூரிய மூக்கு, அணிவேலைப்பாடு மிக்க ஆடைகள், அழுத்தமான கரிய புறக்கோடு ஆகியவை விசயநகர ஓவியப் பாணியின் இயல்புகள். ஆந்திரப் பிரதேசத்தின் லேபாட்சி கோயிலில் உள்ள பதினாறாம் நூற்றாண்டுக் கூரை ஓவியங்களிலும் இதே இயல்புகளைக் காணலாம்.

தீட்டும் முறை

தென்னிந்தியக் கோயில்களில் இக்காலத்து ஓவியங்கள் பொதுவாகப் பின்வரும் முறையில் தீட்டப்பட்டன. முதலில் கல்லின் மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை பூசப்பட்டது. அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு இட்டு மேற்பரப்பு வழவழப்பாக்கப்பட்டது. அதன்மேல் புறக்கோடுகளை வரைந்து, அவற்றுள் வண்ணம் நிரப்பி, இறுதியில் கரிய கோட்டால் உருவங்களைத் தெளிவுபடுத்தினர். செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக் கரி, சுண்ணாம்பு வெண்மை, பச்சை மண் போன்றவை பொதுவாகப் பயன்பட்ட வண்ணப் பொருட்களாகும்.

காரை ஈரமாக இருக்கும்போதே தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது வண்ணமும் அதனுள் பிணைந்துவிடும். காரை உலர்ந்த பின் தீட்டினால் வண்ணத்தைப் பிணைக்கப் பசை தேவை. அந்தப் பசை காலப்போக்கில் வலுவிழக்கும்; அப்போது வண்ணம் பொடிப்பொடியாக உதிரும். தலைக்கு மேலுள்ள கூரையில் அகன்ற பரப்பை ஈரம் உலருமுன் தீட்டி முடிப்பது கடினமான செயலாகும்.

சிற்பங்களில் தர்மதேவி

ஓவியத்தில் பல காட்சிகளாக விரியும் கதை, சிற்பத்தில் ஒரே உருவத்தினுள் சுருங்கிவிடுகிறது. தர்மதேவியின் சிற்பங்களில் பின்வரும் அடையாளங்கள் காணப்படும்:

மாமரம் அல்லது மாங்கொத்து - மலையில் குழந்தைகளின் பசி தீர்த்த மரத்தைக் குறிக்கும்.
இரு குழந்தைகள் - சுபங்கரனும் பிரபங்கரனும். ஒரு குழந்தை இடுப்பில் அல்லது மடியில் இருக்கும். மற்றொன்று அருகில் நிற்கும்.
சிங்கம் - ஊர்தியாக மாறிய கணவன்.
மேலே சிறிய தீர்த்தங்கரர் உருவம் - நேமிநாதர்.

கதையை அறிந்தவருக்கு இந்த ஒவ்வோர் அடையாளமும் ஒரு காட்சியை நினைவூட்டும். கதையை அறியாதவருக்கு இவ்வுருவம் சிங்கத்துடன் நிற்கும் ஏதோவொரு பெண் தெய்வமாகவே தோன்றும். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையிலும் கன்னியாகுமரி மாவட்டம் சிதறாலிலும் உள்ள புடைப்புச் சிற்பங்கள் தமிழகத்துத் தர்மதேவி சிற்பங்களுள் சிறந்தவை. தென் மாவட்டங்களில் வழங்கும் இசக்கியம்மன் வழிபாட்டின் பெயர், இயக்கி என்னும் சொல்லின் திரிபாகும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

மேலை நாட்டு ஓவியங்களுடன் ஒப்பீடு

புனிதர் ஒருவரின் வாழ்க்கையைத் தொடர் காட்சிகளாகத் தீட்டுவது இடைக்காலக் கிறித்தவ உலகிலும் வழக்கமாக இருந்தது. இத்தாலியின் அசிசி நகரில் புனித கிளாரா பேராலயத்தில் உள்ள பலகை ஓவியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1283 ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்வோவியத்தின் நடுவில் கிளாராவின் பெரிய உருவம் நிற்கிறது. இருபுறமும் பக்கத்துக்கு நான்காக எட்டுக் காட்சிகள் அவர் வாழ்க்கையைக் கூறுகின்றன. கிளாரா 1253 ஆம் ஆண்டில் காலமானார். 1255 ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார். எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கத்தரீனா மடத்திலும் அப்புனிதையின் வாழ்க்கைக் காட்சிகள் சூழ்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உள்ளது.

இவற்றுக்கும் தர்மதேவி ஓவியங்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமைகள் வெளிப்படையானவை. கிளாராவும் பிறந்த வீட்டை விட்டு வெளியேறியவர். அவருடைய உறவினர் அவரைத் திரும்ப இழுத்துச் செல்ல முயன்றது பலகையில் ஒரு காட்சியாக உள்ளது. வீட்டின் விதிக்கும் அறத்தின் விதிக்கும் இடையே ஒரு பெண் தெரிவு செய்த கணமே இரு கதைகளின் திருப்புமுனையாகும்.

வேறுபாடுகளும் உண்டு. கிளாரா வரலாற்றில் வாழ்ந்தவர். அவர் இறந்து 30 ஆண்டுகளுக்குள் பலகை தீட்டப்பட்டது. தர்மதேவியின் கதை தொன்மக் கதையாகும். கிளாரா தாமே விரும்பி வீட்டைத் துறந்தார், அக்னிலை துரத்தப்பட்டாள். பலகை ஓவியத்தில் புனிதையின் உருவமும் கதையும் ஒரே பரப்பில் ஒருங்கே உள்ளன. அதனை நின்ற இடத்திலிருந்தே காணலாம். திருப்பருத்திக்குன்றத்தில் தெய்வ உருவம் கருவறையிலும் கதை கூரையிலுமாகப் பிரிந்துள்ளன. மரப் பலகையை வேறிடத்துக்கு எடுத்துச் சென்று பாதுகாக்க இயலும். கூரை ஓவியமோ கட்டடத்தின் ஓர் உறுப்பு. கட்டடத்துக்கு நேர்வது அதற்கும் நேரும்.

சிதைவும் பாதுகாப்பும்

இத்தகைய கூரை ஓவியங்களுக்கு முதற் பகை மழைநீரேயாகும். மேல்தளத்தின் சுண்ணாம்புக் காரையில் வெடிப்பு ஏற்பட்டால், நீர் கற்பலகைகளின் இடுக்கு வழியே கசிந்து காரையினுள் இறங்குகிறது. அந்நீர் உப்புகளைக் கரைத்துக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி விரிவடைந்து, வண்ணப் படலத்தைக் காரையிலிருந்து பிரித்துத் தள்ளுகிறது. இதனால் ஓவியம் செதில் செதிலாக உதிர்கிறது. விளக்குப் புகை, வௌவால் எச்சம், சுண்ணாம்பு அடித்தல் ஆகியவை பிற காரணங்களாகும்.

மங்கிய ஓவியத்தின் மேல் புதிதாக வண்ணம் தீட்டுவதும் ஒருவகைச் சிதைவேயாகும். வழிபடுவோரின் நோக்கில் இது திருப்பணி. கதை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். பல நூற்றாண்டுகளாக இக்கோயிலின் ஓவியங்கள் அவ்வாறு புதுப்பிக்கப்பட்டதாலேயே கதை இன்றுவரை காணக் கிடைக்கிறது. ஆனால் மேலே தீட்டியவர் பழைய கோட்டை அப்படியே பின்பற்றினாரா, மாற்றினாரா என்பதை அறிய வழியில்லாமல் போகிறது. எனவே இக்காலப் பாதுகாப்பு முறைகள் புதிய வண்ணம் தீட்டுவதைத் தவிர்த்து, கூரைக் கசிவை நிறுத்துதல், உரிந்த படலத்தை மீண்டும் ஒட்டுதல், அழுக்கை நீக்குதல் ஆகியவற்றுக்கே முதலிடம் தருகின்றன. இழந்த பகுதி இழந்ததாகவே விடப்படுகிறது.

அர்மாமலை இதில் ஓர் எச்சரிக்கையாக விளங்குகிறது. அங்கு ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டதால், எஞ்சிய துண்டுகளைக் கொண்டு முழுக் காட்சியையும் கதையையும் மீட்டறிவது அரிதாகிவிட்டது.

ஆய்வுகள்

திருப்பருத்திக்குன்றத்து ஓவியங்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் தொல்லியல் அறிஞர் டி. என். இராமச்சந்திரன் ஆவார். கோயில்களின் கட்டடக்கலை, கல்வெட்டுகள், ஓவியங்கள் ஆகியவற்றை விளக்கும் அவரது நூல் 1934 ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. கூரைக் காட்சிகளைச் சமணப் புராணங்களுடன் ஒப்பிட்டு அவர் அடையாளம் கண்டார். அதன் பின் சிதைந்த பகுதிகளுக்கு அந்நூலே சான்றாக உள்ளது. கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தியும் தென்னிந்திய ஓவியங்கள் பற்றிய தம் ஆய்வில் இவற்றைக் குறிப்பிட்டுள்ளார். அம்பிகையின் உருவ இயலை உ. பி. ஷா விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இன்றைய நிலை

திரைலோக்கியநாதர் கோயில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னமாகும். அதே வேளையில் இது வழிபாடு நடைபெறும் கோயிலும் ஆகும். தமிழ்ச் சமணர் இன்று திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர், இராணிப்பேட்டை முதலிய மாவட்டங்களில் வாழ்கின்றனர். நயினார் என்னும் பட்டம் இவர்களிடையே வழங்குகிறது. முன்னர்க் காஞ்சியில் இருந்த ஜினகாஞ்சி மடம் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மேல்சித்தாமூருக்கு மாற்றப்பட்டது. மடம் இடம் பெயர்ந்த பின்னும் திருப்பருத்திக்குன்றம் தமிழ்ச் சமணரின் முக்கியத் தலமாகவே நீடிக்கிறது.

துறவிக்கு உணவளிக்கும் மரபு தமிழ்ச் சமணரிடையே இன்றும் தொடர்கிறது. துறவியர் ஊருக்கு வரும்போது இல்லத்தார் வாயிலில் நின்று வரவேற்று, நின்றபடி அவர்கள் கைகளில் உணவிடுகின்றனர். அக்னிலை செய்ததும் அதுவே. அச்செயலின் விளைவாக அவள் இழந்த வீட்டையும், அடைந்த நிலையையும் கூரை ஓவியங்கள் ஒருசேரக் காட்டுகின்றன. அவளைத் துரத்திய கணவன் சிங்கமாக அவள் காலடியில் இருப்பது, இக்கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அறத்தின் வெற்றியாகவே தோன்றும். எனினும் அச்சத்தால் அவள் உயிர் நீத்த காட்சியையும் கதை மறைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.